‘கற்றைவனைவு’ என்னும் சொல்லும் அதனோடு ஒட்டிய இரண்டு சொற்களும்

அன்புடையீர், வணக்கம்.

பல அன்டெனாக்களைக் கொண்டு வானொலி அலையை வேண்டிய திசையில் திரட்டி அனுப்பும் நுட்பத்துக்கு (ஆங்கிலத்தில் beamforming) இதுவரை அலைக்கற்றை உருவாக்கம், கற்றைக்குவிப்பு, திசைப்படுத்தல் என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில், நான்காவதாகக் ‘கற்றைவனைவு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். அடுத்தடுத்த கோபுரங்கள் ஒரே மீடிறனில் (அதிர்வெண்ணில்) இயங்கும் கம்பியில்லா அகலப்பட்டை வலையமைப்பில், பல இடங்களில் வேகத்தைக் குறைப்பது அயல் கோபுரத்தின் சைகை (சமிக்ஞை) வந்து கலப்பதே. கொட்டியாரக் குடாவின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. திருகோணமலை நகரத்துக்கும் எதிர்க்கரையிலுள்ள மூதூருக்கும் இடையில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் நீர்ப்பரப்பே இருப்பதால், தரையிலே கட்டடங்களாலும் மரங்களாலும் நலிந்துபோகக்கூடிய அலை இங்கே தடையின்றிக் குடாவைக் கடந்துவிடுகிறது. கடலுக்குச் சற்று மேலே காற்றின் ஈரப்பதன் உயரத்தோடு சடுதியாகக் குறையும் வேளைகளில் முறிவுச் சுட்டியும் கூடவே குறைவதால், அலை கடற்பரப்பை ஒட்டி வளைந்து இன்னும் தொலைவுக்குச் செல்லும். இக்கரைக் கோபுரத்தின் வலுவைக் கூட்டினால் அக்கரைக்குச் செய்யும் தீங்கும் அதே அளவுக்குக் கூடும். அலை போய்ச் சேர வேண்டிய திசையைப் போலவே, போகக் கூடாத திசையும் இங்கே முக்கியமாகிறது.

3.5 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் ஏறத்தாழ 8.6 செ.மீ. ஆகும். அதன் பாதியான 4.3 செ.மீ. இடைவெளியில் நான்கு அன்டெனாக்களை வரிசையாகப் பொருத்தி, நான்குக்கும் ஒரே சைகையை ஒரே அவத்தையில் (தமிழ்நாட்டு வழக்கில் ‘கட்டம்’) கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நேர்முன்னே இருப்பவரிடம் நான்கு அலைகளும் ஒத்த அவத்தையில் சேர்வதால், அனுப்பும் மொத்த வலு மாறாமலே, ஓர் அன்டெனா மட்டும் தரக்கூடியதைப் போல 4 மடங்கு, அதாவது 6 டெசிபெல் கூடுதலான வலு அவருக்குக் கிடைக்கிறது. நேர்த்திசையிலிருந்து 30 பாகை விலகி இருப்பவரிடமோ அடுத்தடுத்த அலைகள் கால் அலைநீள வித்தியாசத்தோடு, அதாவது 90 பாகை அவத்தை வித்தியாசத்தோடு வந்து சேர்கின்றன. இந்த நான்கையும் காவிகளாக (வெக்டர்களாக) ஒன்றன் தலையில் அடுத்ததன் அடியை வைத்து வரையச் சொன்னால், நான்காவது கோடு வரைந்து முடியும்போது பலகையில் ஒரு சதுரம் மூடிக்கொள்ளும், விளையுள் பூச்சியம். இனி அன்டெனாவுக்கு அன்டெனா அவத்தையை 90 பாகையாகப் படிப்படியாக மாற்றிக் கொடுத்தால், 30 பாகையில் உள்ளவருக்கு முழு அலையும் கிடைக்க, நேர்முன்னே உள்ளவருக்கு ஒன்றுமில்லாது போகிறது. இரண்டு ஒழுங்குகளையும் ஒரே வேளையில் மேற்பொருத்தினால் இருவருக்கும் ஒரே மீடிறனில் வெவ்வேறு தரவுகளை அனுப்பலாம். அன்டெனா எதுவும் அசைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் வீச்சமும் அவத்தையும் மட்டுமே மாறுகின்றன.

இந்த வேலையை முன்வைக்கப்பட்ட சொற்கள் எந்த அளவுக்குத் தாங்குகின்றன? ‘அலைக்கற்றை’ என்பது 2ஜி விவகாரத்துக்குப் பின் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மீடிறன் ஒதுக்கீட்டையே குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. ‘அலைக்கற்றை உருவாக்கம்’ என்று எழுதினால் அங்குள்ள வாசகர் புதிய மீடிறன்களைத் திறந்துவிடுவதாகவே விளங்கிக்கொள்வார். ‘கற்றைக்குவிப்பு’ வில்லையை நினைவூட்டுவது மட்டுமல்லாமல், செல்லக் கூடாத திசையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கிண்ண வடிவ அன்டெனாவைக் கையால் திருப்பி வைப்பதும் ‘திசைப்படுத்தல்’தான்.

வனைதல் என்னும் வினையை நம் மாணவர்கள் இலக்கண வகுப்பிலேயே அறிந்திருக்கிறார்கள். இரண்டாம் வேற்றுமையின் ஆக்கற்பொருளுக்குக் காலங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ‘குடத்தை வனைந்தான்’ என்பதே. குயவர் ஓரிடத்தில் அழுத்தினால் மண் இன்னோரிடத்தில் எழும். மண்ணின் அளவு மாறுவதில்லை. மொத்த வலு மாறாதிருக்க ஒரு திசையில் ஒடுக்கப்பட்ட ஆற்றல் பிற திசைகளுக்குப் போய்ச் சேருவதையும் இந்த வினை தன்னுள் கொண்டிருப்பதாலேயே இதை விரும்புகிறேன். கற்றை வனைகிறது, வனைந்த கற்றை, வனைகற்றை, கற்றைவனைவி என்று சொல் இடரின்றிக் கிளைப்பதும் ஒரு வசதி. மேலும், ‘கற்றை’ எந்த வகை அலையையும் சார்ந்து நிற்காததால், துறைமுகத்தில் நீருக்கடியில் ஒலியைக் கொண்டு தேடும் சோனாருக்கும் மருத்துவமனையின் கழியொலி (மீயொலி) ஸ்கானுக்கும் அதே சொல் போதும். அவத்தை மாற்றத்தால் வானொலி அலையை ஒரு திசையில் வலுப்படுத்திக் காட்டிய ஜேர்மன் பௌதிகவியலாளர் கார்ல் பேர்டினண்ட் பிரவுனின் சோதனை 1905ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே சொல்லை 5ஜியோடு மட்டும் பிணைத்துவிடக் கூடாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த சொல். அலைகள் மேற்பொருந்தி ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் அழிந்தும் போகும் நிகழ்வை இலங்கைப் பாடநூல்கள் ‘தலையீடு’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘குறுக்கீட்டு விளைவு’ என்றும் சொல்கின்றன. அயல் கோபுரத்தின் தொல்லைக்கும் இதே சொற்களை ஆண்டால், ‘தலையீட்டினால் தலையீட்டைக் குறைத்தல்’ என்று எழுத நேரிடும். மாணவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது நம்மைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. நிகழ்வுக்கு அவரவர் பாடநூற் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, தொல்லைக்கு இரு நாட்டாரும் ‘இடையூறு’ என்று எழுதினால், ‘கற்றைவனைவு தலையீட்டைப் பயன்படுத்தி இடையூற்றைக் குறைக்கிறது’ என்ற வாக்கியம் தானாகவே விளக்கமாகிவிடுகிறது.

மூன்றாவது, அலை அழிந்துபோகும் அந்தத் திசை. ‘கணு’ நிலையலைக்கும் வலையமைப்பின் முனைகளுக்கும் ஏற்கெனவே பயன்படுகிறது. ‘சூனியம்’ வேறு நினைவுகளைக் கிளப்பும். ‘பூச்சியத்திசை’ என்பதே பொருத்தமெனக் கருதுகிறேன். தெறிப்பலைகளாலும் அன்டெனாக்களுக்கிடையே உள்ள சிறு பிழைகளாலும் நடைமுறையில் வலு முற்றாகப் பூச்சியமாவதில்லை என்று சிலர் மறுக்கலாம்; ஆயினும் கணக்கில் நாம் சமன்பாட்டைப் பூச்சியத்துக்கு இட்டே தீர்க்கிறோம், பெயர் அந்தத் தீர்வுக்கு உரியது. நான்கு அன்டெனாக்கள் இருந்தால் ஒருவருக்கு அலையைச் செலுத்திக்கொண்டே மூன்று பூச்சியத்திசைகளை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்ற விதியையும் இச்சொல்லால் சிக்கலின்றி எழுத முடிகிறது.

முதன்மைக் கற்றைக்கு இரு புறமும் எழும் சிறு வீச்சுகளைப் ‘பக்க மடல்’ என்று எழுதிவருகிறேன். ‘மடல்’ கடிதத்தையும் குறிப்பதால் அதற்கு மேலான சொல் எவரிடமாவது இருந்தால் அறியத் தாருங்கள். மற்ற மூன்றுக்கும் மறுப்பு இருந்தால், மறுப்போடு ஒரு வாக்கியத்திலேனும் அச்சொல்லை ஆண்டு காட்டுமாறு வேண்டுகிறேன்.