கோ விளையாட்டு: முதற்கோட்டில் வரும் குரங்குப் பாய்ச்சலை எங்கே தடுப்பது?

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)

வணக்கம். நானும் என் அக்காவின் மகனும் ஒட்டுப்பலகையில் 13க்கு 13 கோடுகள் கீறி, புளியங்கொட்டையைக் கருங்காயாகவும் சட்டைப் பொத்தானை வெண்காயாகவும் வைத்துக் கோ, அதாவது கோடுகள் வெட்டும் புள்ளிகளில் மாறி மாறிக் காய் வைத்து இடம் பிடிக்கும் பலகை விளையாட்டை, விளையாடி வருகிறோம். நடுப்பலகையில் நான் முந்தியிருந்தாலும், முடிவுக் கட்டத்தில் அவன் இரண்டாம் கோட்டிலிருந்து பலகையோர முதற்கோட்டுக்குத் தாவி (இதுதான் குரங்குப் பாய்ச்சல்) என் எல்லையைக் குடைந்துவிடுகிறான். நிரலை இடமிருந்தும் நிரையைக் கீழிருந்தும் எண்ணினால் நிலை இதுதான்: கருப்பு (4,2), (4,3), (4,4), இடது மூலை அவனுக்கு உறுதி. என் வெண்காய்கள் (5,3) முதல் (10,3) வரை சுவராக நிற்கின்றன. வலது மூலை எனக்கு உறுதி. அவன் (7,1)இல் வைத்தான். நான் (6,1)இல் வைத்துத் துண்டிக்க முயன்று, கடைசியில் மூன்று காய்களை இழந்தேன். சரியான பதில் எது என்று அறியத் தாருங்கள்.

பதில் (கல்முனை)

சகோதரரே, (6,1)க்கு மூன்று பக்கங்களே உண்டு. அதில் ஒன்றைக் கருங்காய் ஏற்கெனவே அடைத்திருக்கிறது. அவர் (6,2)இல் வைத்ததும் உங்கள் காய்க்கு (5,1) என்ற ஒரே மூச்சுத்தான், அதாவது ஒட்டிய வெற்றுப் புள்ளிதான், மிஞ்சும்; அதுவும் அடைபட்டால் காய் பிடிபடும். நீங்கள் (5,1)க்கு நீண்டால் அவர் (5,2)இல் அடைப்பார், (4,1)க்கு நீண்டால் (3,1)இல் வைத்து மூன்றையும் எடுப்பார். நானென்றால் (5,2)இல் வைத்து, பாய்ந்த காயை வீட்டிலிருந்து பிரிப்பேன்.

பதில் (அக்கரைப்பற்று)

தம்பி, (6,1) பற்றிக் கல்முனைச் சகோதரி சொன்னது முற்றிலும் சரி. ஆனால் (5,2) பிரிக்காது. கருப்பு (5,1)இல் நுழையும். அதன் பிறகு நீங்கள் (6,1)இல் வைத்தால் (6,2)இல் உடனே பிடிபடுவீர்கள். (6,2)இல் வைத்தால் அவர் (6,1)இல் வைத்து முதற்கோடு முழுவதையும் இணைத்துக்கொள்வார். ஜப்பானியர் இதைச் சாருசுபேரி, அதாவது குரங்கு வழுக்கல், என்று அழைப்பதன் பொருத்தம் அங்கேதான் தெரிகிறது: பலகையின் ஓரத்தில் காய்க்கு மூச்சுக் குறைவதால், இடையில் புகுந்து வெட்டுபவர்தான் முதலில் திணறுகிறார்.

ஆகவே பின்னால் வெட்டாமல் முன்னால் மறியுங்கள். (8,1)இல் வையுங்கள். கருப்பு (6,2)இல் வைக்கும். நீங்கள் (7,2)இல் வைக்க, பாய்ந்த காய்க்கு (6,1) ஒன்றே மூச்சாகும். கருப்பு அதைக் கைவிட்டு (5,2)இல் இணையும். நீங்கள் (6,1)இல் வைத்து அக்காயை எடுப்பீர்கள். கருப்பு (5,1)இல் நெருக்கும். நீங்கள் (7,1)இல் இணைப்பீர்கள். எட்டுக் காய்களில் முடிந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு அப்படியே ஆடினோம். ஆனால் நான் (7,2)இல் வைத்ததும் மருமகன் காயைக் கைவிட மனமின்றி (6,1)இல் இணைத்துவிட்டான். எனக்கு அடுத்தது தெரியாமல் வேறிடத்தில் வைத்துவிட்டேன்.

பதில் (அக்கரைப்பற்று)

அங்கே பெரிய பரிசைத் தவறவிட்டீர்கள், தம்பி. உடனே (5,2)இல் வைத்திருக்க வேண்டும். அப்போது (6,1), (6,2), (7,1) ஆகிய மூன்றுக்கும் (5,1) ஒன்றே மூச்சு. அவர் அங்கே நீண்டால் (4,1)இல் வைத்து நான்கையும் எடுக்கலாம். அவர் (4,1)இல் வைத்துக் காக்க முயன்றால், நீங்கள் (5,1)இல் வைக்க மூன்றும் போய்விடும். உங்கள் (5,2) மேலேயுள்ள சுவரோடு சேர்ந்திருப்பதால் அதற்கு எந்த ஆபத்தும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரியாகத் தடுத்தாலும் எட்டாவது காயை வைப்பவர் நீங்கள். அடுத்த முறை மீண்டும் கருப்புக்கே போகிறது. முறையை இழக்காமல் எடுக்கும் இந்தப் பாய்ச்சலைப் பொதுவாக 8 புள்ளி பெறுமதி என்று கணக்கிடுவார்கள். 13 கோட்டுப் பலகையில் ஓர் ஆட்டத்தைப் புரட்ட அது போதும். எனவே கருங்காய் (4,2)க்கு இறங்கி, (5,2) வெறுமையாக இருப்பதைக் கண்டவுடனேயே, வேறிடத்தில் அதைவிடப் பெரிய காய் இல்லையென்றால், அவர் பாயும் முன்னர் நீங்களே (5,2)இல் அடையுங்கள். சகோதரி சொன்ன அதே புள்ளிதான். ஒரு முறை முந்தி வைத்தால் அதுவே மிகச் சிறந்த தடுப்பு.