ஏழு வயதில் என்ன தெரியும்?

கரிசல்மண்:
"ஏழு வயதில் பிள்ளைக்குப் பகுத்தறிவு வந்துவிடும், அதனால்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கிறோம்" என்று நேற்று முத்துக்குளித்துறை எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். என் அக்கா மகனுக்கு ஏழு வயது. நிலா நம் பைக்கைத் துரத்தி வருகிறது என்கிறான். அவன் கடவுளை எடைபோட்டு ஏற்றுக்கொள்வானாம்!

முத்துக்குளித்துறை:
நானாகச் சொன்னதில்லை. 1910இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் கொடுத்த ஆணை. அதற்கு முன் பல ஊர்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வைத்தார்கள். நற்கருணைக்கும், அதாவது பூசையில் இயேசுவின் உடலாகக் கொடுக்கும் அப்பத்துக்கும், சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றார். ஏறக்குறைய ஏழு.

கரிசல்மண்:
தெரிந்தால் இல்லை, சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னால். வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பிரம்போடு நின்றால் எனக்கும் தெரியும்.

முத்துக்குளித்துறை:
பிரம்பு எங்கே வந்தது? பத்து வருடம் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுத்தவன் நான், பிரம்பைத் தொட்டதில்லை. சட்டமே ஏழு என்கிறதே! இந்தியத் தண்டனைச் சட்டம் 82ஆம் பிரிவு: ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்தது குற்றமே இல்லை. ஏழு ஆகிவிட்டால்?

வக்கீல்குமாஸ்தா:
ஏழு ஆகிவிட்டால் 83 இருக்கிறது ஐயா. பன்னிரண்டு வயது வரை, செய்வதன் விளைவு புரியும் முதிர்ச்சி இல்லையென்றால் அதுவும் குற்றமில்லை. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 20, 21. பாதியைப் படித்துவிட்டு வராதீர்கள்.

முத்துக்குளித்துறை:
ஏழு என்று இருக்கிறதா இல்லையா?

மேலப்பாளையத்தான்:
எங்களுக்கும் ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்று ஹதீஸ் உண்டு. ஆனால் கடமையாவது பருவத்துக்கு வந்த பிறகுதான். பழக்குவது வேறு, பொறுப்பு வேறு. தாய்மொழியையும் பிள்ளையைக் கேட்டா கற்றுக்கொடுத்தோம்?

கரிசல்மண்:
நரகத்துக்குப் போவாய் என்று தாய்மொழி மிரட்டுவதில்லை.

மேலப்பாளையத்தான்:
நீங்கள் இலக்கண வகுப்பில் உட்கார்ந்ததில்லை போல.

கச்சேரிரோடு:
பூணூல் போடும் உபநயனமும் கர்ப்பத்திலிருந்து கணக்கிட்டு எட்டு. அதாவது நீங்கள் சொல்லும் ஏழுதான். ஞானசம்பந்தர் மூன்று வயதிலேயே "தோடுடைய செவியன்" பாடிவிட்டார்.

கரிசல்மண்:
உங்கள் பேரன் மூன்று வயதில் என்ன பாடினான்?

கச்சேரிரோடு:
என் பேரனை இழுக்காதீர்கள் தம்பி. போன வருடம் குலதெய்வக் கோயிலில் உங்கள் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படத்தை நீங்கள்தானே போட்டீர்கள்? அவள் சம்மதித்தாளா?

கரிசல்மண்:
அது மாமியார் ஏற்பாடு. நான் கறிச்சோறு தின்னப் போனேன்.

முத்துக்குளித்துறை:
ஹா! கறிச்சோற்றுக்குப் பகுத்தறிவு விடுமுறை. சரி, ஏழுக்கு வருவோம். 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 97லும் அதே ஏழு. இத்தனை பேரும் ஏழு என்றால் சும்மாவா?

ஆற்றங்கரைசபை:
அண்ணன், ஏழு கிடக்கட்டும். பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன ஏழு? நாங்கள் குழந்தையைப் பிரதிஷ்டை மட்டும், அதாவது ஜெபித்துக் கடவுளிடம் ஒப்படைப்பது மட்டும், செய்வோம். ஞானஸ்நானம் விசுவாசித்தவனுக்குத்தான்.

முத்துக்குளித்துறை:
பைபிளில் அப்போஸ்தலர் 16இல் சிறைக்காவலன் வீட்டார் எல்லாரும் பெற்றார்கள். கைக்குழந்தை இல்லாத வீடா?

ஆற்றங்கரைசபை:
அடுத்த வசனத்தில் வீட்டாரோடு விசுவாசித்தான் என்று இருக்கிறது. கைக்குழந்தை எப்படி விசுவாசிக்கும்?

முத்துக்குளித்துறை:
உங்கள் சபையில் ஞாயிறு பள்ளி எத்தனை வயதில்?

ஆற்றங்கரைசபை:
மூன்று. அது பாட்டும் கதையும்தான்.

கரிசல்மண்:
மூன்றா! இவருடைய ஏழே தேவலை.

முத்துக்குளித்துறை:
பார்த்தீர்களா, ஏழு வயதை ஒப்புக்கொண்டுவிட்டார்.

கரிசல்மண்:
எங்கே ஒப்புக்கொண்டேன்? இப்படித்தான் போன தீபாவளிப் பட்டாசுச் சண்டையிலும் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினீர்கள்.

முத்துக்குளித்துறை:
பட்டாசு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. வேண்டுமென்றால் எடுத்துப் போடுகிறேன்.

வக்கீல்குமாஸ்தா:
83ஐ இன்னும் ஒருவரும் படிக்கவில்லை.