மர்மர், பெரிகார்டைட்டிஸ் வலி, ஹெபாரினோடு வார்ஃபரின்: மூன்று சந்தேகங்கள்

கேள்வி: நர்சிங்_மாணவி
வால்வு நோய்களில் எந்த மர்மர் (இதயத்தில் கேட்கும் கூடுதல் இரைச்சல்) சிஸ்டோலில் (இதயம் சுருங்கும்போது) வரும், எது டயஸ்டோலில் (தளரும்போது) வரும் என்பதை மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க வழி உண்டா? பெரிகார்டைட்டிஸ் (இதய உறை அழற்சி) வலியை மாரடைப்பு வலியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? டி.வி.டி. (காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி) நோயாளிக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி ஓடும்போதே அதே வேலைக்கான வார்ஃபரின் மாத்திரையும் ஏன் தொடங்குகிறார்கள்? சீனியர்கள் விளக்குங்களேன்.

பதில் 1: இதயப்பிரிவு_சிஸ்டர்
அந்த நேரத்தில் எந்த வால்வு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று பாருங்கள் தங்கச்சி. சிஸ்டோலில் அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து ரத்தம் உடலுக்குப் போகும் வாசல்) திறக்கும், மைட்ரல் வால்வு (இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ளது) மூடும். அப்போது மர்மர் கேட்டால், அயோர்ட்டிக் சுருங்கியிருக்கலாம் அல்லது மைட்ரல் ஒழுகலாம். டயஸ்டோலில் இது அப்படியே தலைகீழ்.

அயோர்ட்டிக் சுருக்கத்தின் மர்மர் வலப்பக்க இரண்டாம் விலா இடைவெளியில் கேட்கும், கழுத்துக்குப் பரவும். மைட்ரல் ஒழுக்கு இதய நுனியில் கேட்டு அக்குளுக்குப் பரவும். பலரும் தவறவிடுவது மைட்ரல் சுருக்கத்தைத்தான், ஏனென்றால் அது தாழ்ந்த உறுமல். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் பெல்லை (சிறிய குழிந்த பக்கம்) இதய நுனியில் லேசாக வையுங்கள். அழுத்தினால் அடியிலுள்ள தோல் இறுகி டயஃப்ரம் (தட்டையான பக்கம்) போலாகிவிடும். உறுமல் காணாமல் போகும்.

அயோர்ட்டிக் சுருக்கம் கடுமையாக இருப்பவருக்கு நெஞ்சுவலி என்றதும் நைட்ரோகிளிசரினை எடுத்துவிடாதீர்கள். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 2: ஐசியூ_அண்ணன்
பெரிகார்டைட்டிஸ் வலி கூர்மையாகக் குத்தும். மல்லாந்து படுத்தால், மூச்சை இழுத்தால் கூடும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் குறையும். மாரடைப்பு வலி பெரும்பாலும் அழுத்துவது போலிருக்கும், உட்காரும் விதத்தை மாற்றினாலும் குறையாது. பெரிகார்டைட்டிஸில், இசிஜி கோட்டின் எஸ்.டி. பகுதி மேலே ஏறுவது ஒரே ரத்தக்குழாயின் பகுதியோடு நிற்காமல் பல லீடுகளில் பரவலாகத் தெரியும். ஆனாலும் வலியின் தன்மையை மட்டும் நம்பி மாரடைப்பை ஒதுக்கக் கூடாது. இசிஜியும் ட்ரோபோனினும் (இதயத்தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கட்டாயம்.

பெரிகார்டைட்டிஸில் வரும் உராய்வுச் சத்தத்தைக் கேட்க நோயாளியை முன்னால் சாயவைத்து, மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில் டயஃப்ரமை அழுத்தி வையுங்கள். மூச்சை அடக்கச் சொல்லுங்கள். அப்போதும் சத்தம் நீடித்தால் அது பெரிகார்டியம். நின்றுபோனால் நுரையீரல் உறை.

அடுத்துப் பயப்பட வேண்டியது டாம்பனேட் (இதய உறைக்குள் நீர் சேர்ந்து இதயத்தை நெருக்குவது). ரத்த அழுத்தம் இறங்கி, கழுத்துச் சிரைகள் புடைத்து, இதய ஒலி மங்கினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது சிஸ்டாலிக் அழுத்தம் 10 மி.மீ.க்கு மேல் குறைவதும் எச்சரிக்கையே.

எண்டோகார்டைட்டிஸ் (இதய உள்ளுறை, வால்வுகளில் கிருமித்தொற்று) சந்தேகமென்றால் வெவ்வேறு இடங்களில் குத்தி 3 செட் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்த பிறகே ஆன்டிபயாடிக். வரிசை மாறினால் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்தை வாரக்கணக்கில் கொடுப்பது என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும்.

பதில் 3: மருந்துக்கணக்கு
வார்ஃபரின் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைவுக் காரணிகளைத் தொடாது. கல்லீரல் புதிதாகச் செய்வதை மட்டும் தடுக்கும். 7ஆம் காரணி சில மணி நேரத்தில் குறைவதால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) சீக்கிரம் ஏறிவிடும். 2ஆம் காரணி தீரப் பல நாள் ஆகும். அதோடு, உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி-யும் தொடக்கத்திலேயே குறைவதால் முதல் நாட்களில் உறையும் போக்கு கூடவும் செய்யும். இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஹெபாரின். குறைந்தது 5 நாள் இரண்டும் சேர்ந்து போக வேண்டும், ஐ.என்.ஆர். 2-க்குக் குறையாமல் 24 மணி நேரம் நிற்கவும் வேண்டும்.

ஹெபாரின் தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) பாதியாக விழுந்தால் ரத்தக்கசிவை மட்டுமல்ல, புது உறைகட்டியையும் எதிர்பாருங்கள். லைனைச் சுத்தம் செய்யும் ஹெபாரின் ஃப்ளஷ் உட்பட எல்லாமே நிற்க வேண்டும்.

நர்சிங்_மாணவி
நன்றி அண்ணா. பாதத்தை மேலே மடக்கிப் பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையைச் செய்யலாமா?

மருந்துக்கணக்கு
வேண்டாம்மா, அதை நம்ப முடியாது. டி.வி.டி. இருந்தும் வலிக்காமல் போகும், இல்லாமலும் வலிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் டேப்பால் அளங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் தெரிவியுங்கள். கால் வலிக்கிறது என்று யாரும் பிடித்துவிடக் கூடாது என்பதை உறவினர்களிடமும் சொல்லிவையுங்கள். அளந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டால் அடுத்த ஷிஃப்ட்டில் வருபவரும் அதே இடத்தில் அளப்பார்.