‘படத்தில்’ சரி, ‘ரூத்தில்’ ஏன் இல்லை?

அரைத்தூக்கம்:
நாலு வயது மகள் நேற்று “பொம்மை படம்ல இல்ல” என்றாள். “படத்துல” என்று திருத்தினேன். “படம்தானே? ‘த்து’ எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மரம் – மரத்தில், பணம் – பணத்தில், இதெல்லாம் பழகிப்போனது. ஆனால் ஆல்பத்தில், சிஸ்டத்தில், ஸ்டேடியத்தில் என்றும்தானே சொல்கிறோம்? இதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லையே. அப்படியானால் ரூமும் டீமும் என்ன பாவம் செய்தன? இருட்டில் ‘ரூத்தில், டீத்தில்’ என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பழைய வாத்தியார்:
நீங்கள் ‘ம்’மையே பார்க்கிறீர்கள். அதற்கு முன்னால் நிற்கும் உயிரைப் பாருங்கள் ஐயா. ஆல்பம், சிஸ்டம், ஸ்டேடியம் எல்லாம் குறில் அகரத்தோடு ‘அம்’ என்று முடிகின்றன. ரூமில் இருப்பது ஊ, டீமில் ஈ. ‘புரோகிராம்’கூட நெடில் ஆ என்பதால் தப்பித்துக்கொண்டது; புரோகிராமில் என்றுதான் சொல்வோம். ‘அம்’ ஈறு என்றால் வேற்றுமை உருபு வரும்போது ம் கெட்டு, நடுவே ‘அத்து’ வந்து உட்காரும். தொல்காப்பியத்திலேயே அது சாரியைக் கணக்கில் இருக்கிறது. அதற்கென்று பொருள் கிடையாது, சொல்லையும் உருபையும் ஒட்டவைக்கும் பசை.

மூக்குக்கண்ணாடி:
வெறும் பசை என்று தள்ளிவிட முடியாது. ‘மரத்து நிழல்’ என்கிறோமே, அங்கே உருபே கண்ணுக்குத் தெரியவில்லை. ‘மரத்தினுடைய’ என்ற பொருளை அந்த ‘அத்து’தான் சுமக்கிறது.

பன்மையில் கதையே வேறு. மரங்கள் என்பதில் அத்து இல்லை, ‘ம்’ ‘ங்’ ஆகிவிடுகிறது. ம் சொல்ல உதடு மூட வேண்டும், க் சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே போக வேண்டும். வாய் சோம்பேறி, முன்கூட்டியே நாக்கை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘மக்கள்’, ‘மரங்கள்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ‘க்க’ வரும் இடத்தில் அதிர்வு சட்டென்று நிற்கும், இரண்டாவதில் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதுவது என்னவோ ஒரே க.

அரைத்தூக்கம்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை ஒரு துணிப்பொம்மைக்கு ‘டபம்’ என்று நானே பெயர் வைத்துக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் “அப்பா, டபத்தைக் காணோம்” என்று வந்து நிற்கிறாள். ‘படம்ல’ மட்டும் இன்னும் ‘படம்ல’தான்.