வாரம் மூணு குவார்ட்டர் அடிச்சா எம்.எஸ். வராதா?

நாலுரோடு:
சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுத்துது: "குடிக்கிறவங்களுக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் பாதிதான் வரும்." எம்.எஸ்.னு சுருக்கமாச் சொல்ற இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும். ஃபார்வர்டைச் சிரிச்சுட்டுத் தள்ளிவிடாதீங்க, இதுக்குப் பின்னால நிஜமான ஆய்வு இருக்கு. 2014-ல் ஜாமா நியூராலஜி இதழில் வந்தது. ஸ்வீடனில் இரண்டு தொகுப்புகள்: ஒன்றில் 745 நோயாளிகள், இன்னொன்றில் 5,874 பேர். வாரம் 112 கிராமுக்கு மேல் ஆல்கஹால் எடுத்த பெண்களுக்கும், 168 கிராமுக்கு மேல் எடுத்த ஆண்களுக்கும், குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் முதல் தொகுப்பில் வாய்ப்பு விகிதம் முறையே 0.6, 0.5 (1-னா வித்தியாசம் இல்லை, அதுக்குக் கீழேன்னா நோய் குறைவு). பெரிய தொகுப்பில் இருபாலருக்கும் 0.7. அளவு கூடக் கூட விகிதம் இறங்குது. இது தற்செயல்னு சொல்ல முடியாது.

சேர்வராயன்:
முதல் தொகுப்பின் நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பை, விட்டுட்டீங்களே. பெண்களுக்கு 0.4 முதல் 1.0, ஆண்களுக்கு 0.2 முதல் 1.0. மேல்முனை 1-ஐத் தொட்டா "வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம்"னு அர்த்தம். தவிர ஆள் நோயாளி ஆன பிறகு கேள்வித்தாள் கொடுத்து, நோய் இல்லாதவங்களோட ஒப்பிடுற கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு இது. எம்.எஸ். கண்டுபிடிக்கிறதுக்குச் சில வருஷம் முன்னாடியே அசதி, அவசரமா சிறுநீர் முட்டுறது, தள்ளாட்டம் எல்லாம் தொடங்கிடும். அப்படிப்பட்டவர் தானாவே குடியைக் குறைப்பார். நோய் குடியைக் குறைச்சதை, குடி நோயைக் குறைச்சதா படிக்கிறோம்.

ஆரோக்கியமா இருக்கும்போதே கேட்டு வச்சு, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வும் உண்டு. அமெரிக்க செவிலியர் தொகுப்புகள் இரண்டிலும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். 2013-ல் வந்த அந்த முடிவில் ஆல்கஹாலுக்கும் எம்.எஸ்.-க்கும் தொடர்பே இல்லை.

நாலுரோடு:
அந்தச் செவிலியர்களில் எம்.எஸ். வந்தது 300 பேருக்கும் கீழே. அதில் நிறைய குடிக்கிறவங்க எத்தனை பேர் தேறுவாங்க? மிதமான பலனைப் பிடிக்க அது போதாது. முன்னமே குறைச்சுட்டாங்கன்னா, டென்மார்க் ஆய்வுக்கு என்ன சொல்றீங்க? அங்கே கேட்டது பதின்வயதுக் குடிப்பழக்கம். நோய்க்கு வெகு முன்னாடி. அதிலும் குடிக்காதவங்க பக்கம்தான் எம்.எஸ். கூடுதல்.

சேர்வராயன்:
அந்த டென்மார்க் ஆய்வில் ஒப்பீட்டுக்கு எடுத்தது ரத்ததானம் செய்றவங்களை. ஊரிலேயே உடம்பு நல்லா இருக்கிற கூட்டம் அது. டென்மார்க்கில் பதினேழு வயசில் சொட்டுக்கூட தொடாத பிள்ளை வேறு எதிலெல்லாம் வேறுபடும்னு யாருக்குத் தெரியும்?

சரி, உண்மைன்னே வச்சுக்குவோம். நம்ம ஊர்க் கணக்கைப் போடுங்க. 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மில்லி, 0.79-ஆல் பெருக்கினா 61 கிராம். மூணு குவார்ட்டர் 183 கிராம். ஆணுக்கு ஸ்வீடன்காரன் போட்ட 'அதிகம்' கோடு அங்கேயே தாண்டிருச்சு. வாரக் கணக்குங்கிறதால, ஒரே ராத்திரியில் உள்ளே போனதா, ஏழு நாளாப் பிரிஞ்சதான்னு அந்த எண்ணில் தெரியாது. கல்லீரலுக்குத் தெரியும்.

மங்களூரில் எடுத்த கணக்குப்படி லட்சத்துக்குச் சுமார் 8 பேருக்கு எம்.எஸ். அதையே 2011 சென்சஸின் 34.8 லட்சம் மக்களுக்குப் போட்டா சேலம் மாவட்டத்தில் 280 பேர் வாக்கில். பாதியாக்கணும்னா மாவட்டமே மூணு குவார்ட்டர் ஏத்தணும். 140 பேருக்காக எத்தனை சிரோசிஸ், எத்தனை வாய்ப்புற்று, ஓமலூர் ரோட்டில் எத்தனை விபத்து?

நாலுரோடு:
குடிங்கன்னு யாரு சொன்னா? அறிவுரைக் கணக்கு வேறு, காரணக் கணக்கு வேறு. எதிர்ப்பு சக்தி செல்களை ஆல்கஹால் அடக்குதுன்னா அந்த வழியை மருந்தா மாத்தலாம். வாத மூட்டுவீக்கத்திலும் ஸ்வீடன் தரவில் இதே திசைதான். எலிகளில் ஆல்கஹால் உடைஞ்சு வர்ற அசிட்டேட், டி செல்கள்ங்கிற எதிர்ப்பு சக்தி செல்களின் ஒரு வகையைத் தணிக்குதுன்னு 2020-ல் காட்டினாங்க. ஏற்காட்டுக்காரங்க சந்தோஷப்பட ஒண்ணு: 2016-ல் தினம் 900 மில்லிக்கு மேல் காபி குடிச்சவங்களிடமும் எம்.எஸ். குறைவாப் பார்த்திருக்காங்க. 100 மில்லி டம்ளர்னா ஒன்பது. தூக்கம் என்ன ஆகும்னு கேக்காதீங்க.

மாங்கனி:
இரண்டு பேருமே விட்ட விஷயம். குடிக்கிறவருக்குக் கால் மரத்தா அது எம்.எஸ்.-ஆ, குடியான்னு முதலில் பிரிக்கணும். குடியால் வர்ற நரம்புச் சேதத்தில் இரண்டு பாதமும் ஒண்ணா, சாக்ஸ் போட்ட மாதிரி மரக்கும். கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் செத்துப் போகும். எம்.எஸ்.-ல் பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கலா, ரிஃப்ளெக்ஸ் துள்ளும், உள்ளங்காலைக் கீறினா பெருவிரல் மேலே போகும். ரத்தத்தில் வைட்டமின் பி1, பி12 பார்க்காம நேரா எம்.ஆர்.ஐ. எழுதுறது வீண் செலவு.

கண்ணும் அப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயத்தில் பாதிச்ச நிறைய பேர் சேலம் ஜி.எச்.-க்கு வந்தாங்க. மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமா மாறிப் பார்வை நரம்பை அடிக்கும்: சாதாரணமா ஒரு நாளுக்குள், இரண்டு கண்ணும், மூச்சு வாங்கலோட. எம்.எஸ்.-ல் வர்ற பார்வை நரம்பு அழற்சி பெரும்பாலும் ஒரே கண்ணில், சில நாளா ஏறும், கண்ணை அசைச்சா வலிக்கும். சாராயம் குடிச்சவரை "எம்.எஸ். மாதிரி இருக்கு"ன்னு ஸ்டீராய்டு போட்டு உக்கார வச்சா, விஷமுறிவு மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் நேரம் போயிரும்.

கேள்வி ஒண்ணு: ஏற்கெனவே எம்.எஸ். மாத்திரையில் இருக்கிறவர் கல்யாண வீட்டில் கொஞ்சம் எடுத்தா?

சேர்வராயன்:
மாத்திரையைப் பொறுத்ததுங்க. டெரிஃப்ளுனமைடுனா தொடவே வேண்டாம். அதுவே கல்லீரலைச் சோதிக்கிற மருந்து. முதல் ஆறு மாசம் குறைஞ்சது மாசம் ஒரு தடவை ஏ.எல்.டி.ங்கிற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்ப்பாங்க, குடிச்சா ஏறின எண் எதனாலன்னு டாக்டருக்கும் குழப்பம். டைமெத்தில் ஃப்யூமரேட்னா 30 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கைக் கேப்ஸ்யூல் போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள கூடாது, வயித்தைப் புரட்டும். பீர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். ஆனா தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபெனோ டிஸானிடினோ எடுக்கிறவர்னா ஒரு பீரே மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டிரும். மண்டபப் படிக்கட்டில் கையைப் பிடிக்க ஆள் வேணும்.

நாலுரோடு:
இதில் சண்டை இல்லை. டேனிஷ் ரத்ததானக் கதைக்கு நாளைக்கு வர்றேன்.