கோதண்டம் இல்லம் குழுவில் தாத்தா சிடி

வெள்ளி, காலை 7:04

ராஜி அத்தை: நைனா வருஷ திதிக்கு இன்னும் 16 நாள்தான் இருக்கு. நைனா பாடின கேசட்டெல்லாம் பிரவீன் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். வர்ற சொந்தக்காரங்களுக்கு வீட்டுக்கு ஒரு சிடி குடுக்கணும்னு அம்மா ஆசைப்படுது. மேல நைனா போட்டோ, பேரு எல்லாம் போட்டு. யார் செய்யப் போறீங்க?

பெரியப்பா: சிடியா

சேகர் சித்தப்பா: பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கபா. இப்போ யார்கிட்ட கீது சிடி பிளேயர்

ராஜி அத்தை: அம்மாகிட்ட இருக்கு. தண்டையார்பேட்டை சித்திகிட்ட இருக்கு. காலடிப்பேட்டைல ரெண்டு வீட்ல இருக்கு. உனக்கு வேணாம்னா விடு

தீபா அக்கா: யூடியூப்ல போட்டு லிங்க் அனுப்பலாமே அத்தை

ராஜி அத்தை: அம்மாவுக்கு லிங்க் தெரியுமா தீபா? தட்டைப் போட்டா பாடணும். அதுக்கு அவ்ளோதான் தெரியும்

அம்மா: அண்ணி அன்னிக்கு இலை எத்தனை சொல்லணும்

பிரவீன்: மொத்தம் 6 கேசட். 5 முடிஞ்சுது. 4-ஆம் நம்பர் மட்டும் இல்ல

பெரியப்பா: சேகர்

பெரியப்பா: சேகர் 4-ஆம் நம்பர்

சேகர் சித்தப்பா: என்னைய ஏன் கேக்கறீங்க

பெரியப்பா: டேப் ரெக்கார்டர் யார் எடுத்துக்கினு போனாங்களோ அவங்களைத்தானே கேக்கணும்

ராஜி அத்தை: ஆரம்பிக்காதீங்க ரெண்டு பேரும். என்னங்க, நீங்க சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல அச்சுக்கு எழுத்துக் கோக்கற டிடிபி வேலை பாத்தவர் நீங்கதானே

காலை 7:41

முரளி மாமா: எல்லாருக்கும் வணக்கம். ராஜி நேத்து ராத்திரியே சொன்னா. நான் யோசிச்சு வச்சதை எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும். பொறுமையா படிங்க.
முதல்ல நேரக் கணக்கு. கேசட் எல்லாம் 90 நிமிஷம். பாட்டு சிடி ஒண்ணுல 80 நிமிஷம்தான் கொள்ளும். அதனால ஒரு கேசட் கூட முழுசா ஒரு சிடில அடங்காது. எம்பி3-ஆ மாத்தினா 5 கேசட்டும் சேந்து 450 நிமிஷம், சாதாரண தரத்துல சுமார் 430 எம்பி ஆகும். 700 எம்பி சிடில தாராளமா அடங்கும். ஆனா அத்தையோட பிளேயர் பழசு, எம்பி3 படிக்காது. அதனால அத்தைக்குப் பாட்டு சிடி, மத்தவங்களுக்கு எம்பி3 சிடின்னு ரெண்டு வகையா போடலாம்.

பெரியப்பா: ரெண்டு வகைன்னா குழப்பம்

நித்யா: அப்பா சுருக்கமா

முரளி மாமா: அடுத்தது லேபிள். இதுல மூணு வழி இருக்கு. வட்டமா ஸ்டிக்கர் வாங்கி அடிச்சு ஒட்டறது ஒண்ணு. இது வேணவே வேணாம். ஒரு மில்லிமீட்டர் கோணலா ஒட்டினாலும் சுத்தும்போது தட்டு ஆடும். சூட்டுல பசை இளகி ஓரம் தூக்கிக்கும். கார்ல இருக்கற மாதிரி உள்ள இழுத்துக்கற பிளேயர்னா மாட்டிக்கும். சிடில பாட்டு கீழ்ப் பக்கத்துல இருக்குன்னு நினைச்சுக்கினு கீழதான் கீறல் விழக்கூடாதுன்னு பாக்கறோம். நிஜத்துல அது மேல்பக்கத்துக்கு ஒட்டினாப்பல, மெல்லிசா ஒரு பூச்சுக்கு அடியில இருக்கு. ஒட்டின ஸ்டிக்கரைப் பிச்சா அந்த வெள்ளித்தகடும் கூடவே வந்துரும். மாமா குரல் அதோட போச்சு.

சேகர் சித்தப்பா: மார்க்கர்ல எழுதிடலாம் மாமா. பர்மா பஜார்ல அப்படித்தானே குடுப்பாங்க

முரளி மாமா: எழுதலாம் சேகர், சிடிக்குன்னு விக்கற தண்ணி மைப் பேனாவால. பால்பாயிண்ட் பேனா கூடாது, அழுத்தினா பள்ளம் விழும். ஆனா போட்டோ எப்படி எழுதுவ?

பிரவீன்: சித்தப்பாகிட்ட ஒரு டிரைவ் இருந்துதே, தட்டைத் திருப்பிப் போட்டா லேசர்லயே படம் வரையுமே

முரளி மாமா: லைட்ஸ்க்ரைப். எச்பி 2004-ல கொண்டாந்தது. அதுக்குத் தனி டிரைவ், தனித் தட்டு ரெண்டும் வேணும். ஒத்தை நிறம்தான் வரும். இப்போ தயாரிப்பே இல்ல. அதை விட்டுடலாம்.
மூணாவது வழிதான் சரி. மேல வெள்ளையா பூச்சு பூசின தட்டு, பிரிண்டபிள்னு கேட்டா ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுப்பாங்க. அதுமேல இன்க்ஜெட் பிரிண்டரே நேரா அடிக்கும். ராயபுரத்துல போட்டோ கடை வச்சிருக்க என் சிநேகிதன்கிட்ட எப்சன் எல்805 இருக்கு. அதுல சிடி வைக்கிற ட்ரே கூடவே வரும்.

அம்மா: அண்ணி இலை

ராஜி அத்தை: 60 சொல்லும்மா. காலடிப்பேட்டைல எல்லாரும் வருவாங்க

பெரியப்பா: 60 பத்தாது

தீபா அக்கா: மாமா டிசைன் நான் கேன்வால பண்ணித் தரேன். அரை மணி நேரம்

முரளி மாமா: பண்ணும்மா தீபா, சந்தோஷம். ஆனா மென்பொருள் வேலை இதுல ரெண்டு பங்கு. படம், எழுத்து வரையறது ஒரு பங்கு. வரைஞ்சது தட்டுல சரியான இடத்துல விழ வைக்கறது இன்னொரு பங்கு. ரெண்டாவதுக்கு அந்த பிரிண்டருக்குன்னு எப்சன் பிரிண்ட் சிடி இருக்கு. உள்வட்டம் எத்தனை மில்லிமீட்டர், வெளிவட்டம் எத்தனைன்னு அதுலதான் குடுக்கணும். தட்டு மொத்தம் 120 மில்லிமீட்டர், நடு ஓட்டை 15. சில தட்டுல வெள்ளைப் பூச்சு ஓட்டை ஓரம் வரைக்கும் வரும், சிலதுல ரொம்பத் தள்ளி நின்னுடும். தட்டை வாங்கி ஸ்கேல் வச்சு அளந்துட்டுதான் டிசைனே ஆரம்பிக்கணும்.

காலை 10:15

தீபா அக்கா: (படம்)

தீபா அக்கா: எப்படி இருக்கு?

ராஜி அத்தை: ஐயோ தீபா

ராஜி அத்தை: நைனா மூஞ்சில ஓட்டை வருதுடி

தீபா அக்கா: ஓ சாரி அத்தை. நடுவுல வச்சா அழகா இருக்கும்னு

முரளி மாமா: அதுக்குத்தான் அளவைச் சொன்னேன். உள்ள 23, வெளிய 118-னு வச்சா நமக்குக் கிடைக்கறது 47 மில்லிமீட்டர் சொச்சம் அகலத்துல ஒரு வளையம்தான். முகம் மேல் பாதில, பாஸ்போர்ட் அளவுக்குக் கொஞ்சம் பெரிசா வரலாம். ஆர்மோனியத்தோட இருக்கற படம்னா கீழ் பாதில ஆர்மோனியம், மேல முகம். ஓட்டை சட்டைப் பொத்தான் இருக்கற எடத்துல வரணும்.

அம்மா: அந்த ஆர்மோனியம் படம் மாமா வீட்லதானே மாட்டியிருக்கு

பெரியப்பா: ஆமா. எடுத்து அனுப்பறேன். கீழ பி அண்ட் சி மில்னு போடணும். 1996-ல மூடற வரைக்கும் அங்கதான் உழைச்சாரு. மில் கேட்டுல பாடின பாட்டுதான் இதுல பாதி

சேகர் சித்தப்பா: அது கரெக்ட்

ராஜி அத்தை: அமரர்னு போடாதீங்க. குரல் கேக்கும்போது அமரர்னு எதுக்கு

பெரியப்பா: போடறதுதானே முறை

ராஜி அத்தை: எனக்கு வேணாம்ணா

காலை 10:52

பெரியப்பா: மாப்ள, பேரு மட்டும் பாத்துக்குங்க

பெரியப்பா: 2016 மாதிரி ஆயிடப் போவுது

தீபா அக்கா: அப்பா

நித்யா: பெரிய மாமா ப்ளீஸ்

பெரியப்பா: உள்ளதைத்தான் சொல்றேன். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைல நைனா பேரு காதண்டம்னு வந்துச்சு. 400 பத்திரிகை. ராத்திரி முழுக்க உக்காந்து கறுப்புப் பேனாவால அவரே ஒவ்வொண்ணுத்துலயும் கொம்பு போட்டாரு. யாருக்காவது மறந்துச்சா

அம்மா: தண்ணி வருதா உங்க தெருல. எங்களுக்கு இன்னும் வரல

காலை 11:30

முரளி மாமா: மச்சான், மறக்கல. எனக்கு எப்படி மறக்கும்? அன்னிக்கு நான் உங்களுக்குச் சரியா விளக்கம் சொல்லல. இன்னிக்குச் சொல்றேன்.
அந்தக் காலத்து எழுத்துருல 'கோ'ங்கறது மூணு தனித் துண்டு: இரட்டைக் கொம்பு, க, கால். ஒவ்வொரு எழுத்துருவும் அந்தத் துண்டுகளை ஒவ்வொரு இடத்துல வச்சிருக்கும். நான் அடிச்சது ஒரு எழுத்துரு. அச்சகத்துல டிசைனுக்காக வேற எழுத்துரு மாத்தினாங்க. அதுல இரட்டைக் கொம்பு இருக்க வேண்டிய இடம் காலி. க-வும் காலும் மட்டும் நின்னுச்சு. மாத்தினதுக்கு அப்புறம் நான் இன்னொரு தடவை படிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னுதுதான்.
மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லல. பேனா இருக்கா முரளின்னு மட்டும் கேட்டாரு.

ராஜி அத்தை: விடுங்க

முரளி மாமா: இல்ல ராஜி, சிடிலயும் அதே கண்டம் இருக்கு, அதனாலதான் சொல்றேன். இப்போ யூனிகோட், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை. 'கோ'ங்கறதை க, அப்புறம் ஓகாரக் குறின்னு வச்சிருக்கும். கொம்பை முன்னாடி கொண்டாந்து நிறுத்தறது மென்பொருளோட பொறுப்பு. லேபிளுக்குன்னு வெளிநாட்டுல செஞ்ச ஒரு மென்பொருள்ல நேத்து மாமா பேரை அடிச்சுப் பாத்தேன். நேர்கோட்டுல சரியா வந்துச்சு. வட்ட ஓரத்துல வளைச்சு எழுதச் சொன்னதும் ஒவ்வொரு குறியையும் தனித்தனியா திருப்பி வச்சுது. கொம்பு க-வுக்குப் பின்னாடி போய் நின்னுச்சு. நம்ம வே. கோதண்டத்துல ரெண்டு இரட்டைக் கொம்பு. ரெண்டும் போச்சு.

பிரவீன்: மாமா இங்க்ஸ்கேப்னு வரையற மென்பொருள் பாத்தீங்களா? ஃப்ரீ. பாதை மேல எழுத்து வைக்கலாம்

முரளி மாமா: அதைத்தான் சொல்ல வந்தேன் பிரவீன். ராத்திரி 1 மணி வரைக்கும் அதுலதான் உக்காந்தேன். தமிழைப் பிரிக்காம வளைக்குது. வட்டம் வரைஞ்சு, பேரை அந்த வட்டத்துமேல உக்கார வச்சு, கடைசில எழுத்தை வடிவமா மாத்திடணும். டிடிபி-க்கு வச்சிருந்த கோரல் மென்பொருள்ல கர்வ்ஸ்னு சொல்லுவோமே, அதேதான். மாத்திட்டா அது எழுத்தே இல்ல, கோடு. எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும், அங்க எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாட்டியும், கொம்பு நகராது. அப்புறம் 300 டிபிஐ-ல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், படமா எடுத்து எப்சன் பிரிண்ட் சிடில வைக்கறது.

சேகர் சித்தப்பா: நீரோல கவர் டிசைனர் இருந்துதே மாமா. நான் அதுலதான் போடுவேன்

முரளி மாமா: நல்ல மென்பொருள்தான். உனக்குக் கைப்பழக்கம் இருந்தா பாட்டுப் பட்டியல் அட்டையை அதுல பண்ணிக் குடு. தட்டு மட்டும் நான் பாத்துக்கறேன்.

தீபா அக்கா: வளைச்சு எழுதாம நேரா எழுதினா பிரச்சனையே இல்லையே மாமா

நித்யா: அதானே

முரளி மாமா: எழுதலாம். ஆனா அத்தைக்குக் கண்ணுல புரை. பேரு பெரிசா வேணும்னா நேரா எழுத அந்த 47 மில்லிமீட்டர் பத்தாது, ஓட்டை வந்து குறுக்க நிக்கும். வட்டத்துல போனா இடம் நிறைய. அதோட 1, 2-ன்னு நம்பர் பெரிசா கறுப்புல வரணும். தட்டை எடுத்ததும் அத்தைக்குத் தெரியணும்.

அம்மா: தண்ணி வந்துடுச்சு

ராஜி அத்தை: எங்களுக்கு இன்னும் இல்ல

பெரியப்பா: படம் அனுப்பிட்டேன் மாப்ள. கண்ணாடி பளபளக்குது, பாருங்க

சனி, இரவு 9:20

சேகர் சித்தப்பா: 4-ஆம் நம்பர் கிடைச்சுடுச்சு. பரண்ல அரிசி டப்பா பின்னாடி

பெரியப்பா: சொன்னேன்ல

சேகர் சித்தப்பா: ஏ பக்கம் முழுக்க நைனா. பி பக்கத்துல நடுவுல கிரிக்கெட் கமெண்ட்ரி கீது

ராஜி அத்தை: அதுமேல ரெக்கார்ட் பண்ணியா சேகர்??

சேகர் சித்தப்பா: எனக்கு அப்போ 12 வயசுக்கா

சேகர் சித்தப்பா: கமெண்ட்ரி நடுவுல நைனா என்னைத் திட்டறது கேக்குது. நல்லா கேக்குது

பிரவீன்: சித்தப்பா அதை வெட்டாதீங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்

பெரியப்பா: திட்டறதெல்லாம் சிடில போடாத

ராஜி அத்தை: போடு பிரவீன். அம்மாவுக்கு மட்டுமாச்சும்

இரவு 10:47

முரளி மாமா: (படம்)

முரளி மாமா: மாதிரி ஒண்ணு அடிச்சாச்சு. கெட்டுப்போன தட்டுல. முதல்ல பாட்டை ஏத்திட்டு அப்புறம்தான் மேல அடிக்கணும், இல்லேன்னா கைபட்டு அழுக்காயிடும். அடிச்சதை ஒரு நாள் முழுக்க நிழல்ல காயவிடணும், உடனே பிளேயர்ல போடக்கூடாது. இந்த மாதிரில படம் ரெண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருக்கு, பாருங்க, வலப்பக்கம் வெள்ளை தெரியுது. அதைப் பிரிண்ட் சிடிலயே சரி பண்ணலாம். திங்கக்கிழமை இன்னொண்ணு அடிக்கறேன். பேரைப் பெரிசு பண்ணி எல்லாரும் ஒரு தடவை படிங்க. மச்சான், நீங்க முக்கியமா.

தீபா அக்கா: சூப்பர் மாமா

நித்யா: தாத்தா சட்டைல கரெக்டா ஓட்டை

ராஜி அத்தை: அமரர் இல்ல. நல்லது

அம்மா: நல்லா இருக்கு அண்ணா

இரவு 11:08

பெரியப்பா: ரெண்டு கொம்பும் இருக்கு மாப்ள

பெரியப்பா: மில் பேரு சின்னதா இருக்கு

முரளி மாமா: பெரிசு பண்ணிடறேன் மச்சான்.

பெரியப்பா: எத்தனை தட்டு வாங்கணும்

ராஜி அத்தை: 25

சேகர் சித்தப்பா: 40 வாங்குங்க, மில்லுல கூட இருந்தவங்க வருவாங்க. நான் காசு தரேன்

பெரியப்பா: அதை நேர்ல பேசிக்கலாம்

அம்மா: அண்ணி இலை 60-ஆ 80-ஆ, காலைல சொல்லணும்