சியாப்பாஸ் மலைக் கிராமத்தில் இரண்டு ஆண்டு ஊழியம்: செவிலியராகிய நான் எதற்கு ஆயத்தப்பட வேண்டும்?

கேள்வி: வாலாஜா செவிலி

அனைவருக்கும் வணக்கம். வாலாஜாபேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். வேலூரில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். கடைசி நான்கு ஆண்டுகளாக ஊர் ஊராகச் செல்லும் மருத்துவ வண்டியில்தான் எனக்குப் பணி. எங்கள் சபைக்குப் பழக்கமான ஓர் ஊழியக் குழுவின் வழியாக, மெக்சிகோவின் தென்கோடியில் குவாத்தமாலா எல்லையை ஒட்டிய சியாப்பாஸ் மாநிலத்தில், ஓஷ்சூக் பக்கத்து மலைக் கிராமங்களில் இரண்டு ஆண்டு தங்கி ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது. அங்குள்ளவர்கள் செல்தால் மொழி பேசும் மாயா இனத்து மக்கள் என்று சொன்னார்கள்.

கடிதத்தை மூன்று மாதமாக வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். போக வேண்டும் என்ற பாரம் மனதில் இருக்கிறது. ஆனால் "மருத்துவ முகாம், சிறுவர் ஊழியம், வீடு சந்திப்பு" என்பதற்கு மேல் அந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை. அந்த மக்கள் யாரைக் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. செல்தால் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அம்மாவை அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், ஆகவே வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த ஊருக்கு என்னால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா, அந்தப் பயன் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன். அங்கே இருந்தவர்களும், இங்கே கிராம ஊழியத்தில் பழுத்தவர்களும் சொல்ல வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற போதகர், ஆற்காடு

அன்பு மகளே, உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நமக்கும் அந்த மலைக்கும் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு என்பதுதான். 1853-இல் நம் பகுதியில் ஆற்காடு மிஷனை நிறுவிய அமெரிக்காவின் சீர்திருத்தச் சபைதான், 1920களின் நடுவில் ஜான் கெம்பர்ஸ், மேபல் கெம்பர்ஸ் தம்பதியைச் சியாப்பாசுக்கும் அனுப்பியது. ஒரே தாய்ச் சபை இரண்டு கரைகளில் விதைத்த வயல்கள் இவை. ஆகையால் இங்கே எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்ப்பது உனக்கு வழிகாட்டும்.

ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கியதையும், மாட்டு வண்டியில் ஆரம்பித்துப் பின்பு மோட்டார் வண்டிக்கு மாறிய சாலையோர மருத்துவத்தையும் நாம் ஆண்டுதோறும் நன்றியோடு நினைக்கிறோம். அந்த வண்டி போய்த் திரும்பியதோடு ஊழியம் முடிந்திருக்குமானால், அவர் 1960-இல் மறைந்தபோது அதுவும் அவரோடு மறைந்திருக்கும். 1909-இல் செவிலியர் பள்ளியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் தொடங்கி, இந்த மண்ணின் பெண்கள் கையில் ஊசியையும் கத்தியையும் கொடுத்ததால்தான் நீ இன்று செவிலியராக நின்று இந்தக் கேள்வியைக் கேட்கிறாய்.

சியாப்பாசிலும் அப்படியே நடந்தது. மரியானா ஸ்லோகம் என்ற மொழிபெயர்ப்பு ஊழியரின் வருங்காலக் கணவரான பில் பென்ட்லி செல்தால் மக்களிடையே பணியைத் தொடங்கியிருந்தார். 1941-இல் திருமணத்துக்குச் சில நாட்களே இருக்கையில் அவர் மரித்துப்போனார். அந்த அம்மையார் ஊருக்குத் திரும்பி உட்கார்ந்துவிடாமல், அவர் விட்ட பணியைத் தாமே எடுத்துக்கொண்டு அதே மலைக்குப் போனார். பிறகு அவரோடு சேர்ந்துகொண்ட புளோரன்ஸ் கெர்டெல் உன்னைப் போல ஒரு செவிலியர். ஒருவர் செல்தால் மொழியை எழுத்தில் கொண்டுவந்தார். மற்றவர் புண்ணையும் காய்ச்சலையும் பார்த்ததோடு நில்லாமல், செல்தால் இளைஞர்களையே மருந்து கொடுக்கப் பழக்கினார். 1956-இல் புதிய ஏற்பாடு ஓஷ்சூக் வட்டார செல்தாலில் வெளிவந்தது. அந்த இரண்டு பெண்களும் பிறகு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள், ஆனால் சபை அங்கேயே நிற்கிறது. கடிதம் அனுப்பியவர்களிடம் நீ முதலில் கேட்க வேண்டியது, நீ யாருக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாய் என்பதையே. அதற்கு அவர்களிடம் விடை இல்லையென்றால், விடை வரும்வரை காத்திரு.

பதில் 2: கே.வி.குப்பம் கிராமச் செவிலியர்

போதகர் ஐயா சொன்னதை நான் என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லி வழிமொழிகிறேன், தங்கச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்து ஊர் ஒன்றில் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து ஒருநாள் முகாம் நடத்தியது. நல்ல மனம் படைத்தவர்கள்; வெயிலில் நின்று இருநூறு பேருக்கு மேல் பார்த்தார்கள், மருந்தும் இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் நான் போனபோது, வழக்கமாக என்னிடம் சர்க்கரை மாத்திரை வாங்கும் ஒரு பாட்டி திண்ணையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிச் சாய்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, அவர் தெளிந்த பிறகு முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். அதற்குள் இரண்டு அட்டை மாத்திரை இருந்தது. ஒன்று நான் கொடுத்தது, மற்றொன்று முகாமில் கொடுத்தது. பெயரும் நிறமும் வேறு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. "ரெண்டும் நல்லவங்க கொடுத்தது, எதை விடறது?" என்றார் பாட்டி. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. முகாமுக்கு வந்தவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அன்று விழுந்திருக்க மாட்டார்.

அந்த மலையிலும் அரசாங்க மருத்துவ நிலையம் ஏதாவது இருக்கும், மருத்துவச்சிகள் இருப்பார்கள், மூலிகை தெரிந்தவர்கள் இருப்பார்கள். நீங்கள் முதல் ஆறு மாதம் அவர்கள் வாசலில் போய் உட்காருங்கள். மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு அவசரம் இல்லை.

பதில் 3: குடியாத்தத்து ஆசிரியர்

சகோதரி, நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் உங்கள் கேள்வியின் நேர்மை என்னை எழுத வைத்தது. நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் சிற்றூரில் சில குடும்பங்கள் சபையில் சேர்ந்தபோது முதல் சண்டை சாமியைப் பற்றி வரவில்லை, தலைக்கட்டு வரியைப் பற்றித்தான் வந்தது. கெங்கையம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்ததை அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். ஊரார் அதை ஊரை விட்டு விலகுவதாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியில் ஏரி வாய்க்கால் தூர்வாருவதற்கும் தெரு விளக்குக்கும் அவர்கள் மற்றவரைவிட முன்னால் நின்று பணமும் ஆளும் கொடுத்ததால் கசப்பு தணிந்தது.

சியாப்பாசில் இதே சச்சரவு மிகக் கொடுமையாக முடிந்திருக்கிறது. சோட்சில் என்ற மற்றொரு மாயா இனத்து மக்கள் வாழும் சான் ஹுவான் சாமுலாவில், திருவிழாச் செலவில் பங்கெடுக்காமலும், சடங்குகளில் குடிக்கும் போஷ் என்ற கரும்புச் சாராயத்தை வாங்காமலும் விலகிய சுவிசேஷ சபையினரை, 1970களிலிருந்து ஊர்த் தலைவர்கள் வீடு வாசலோடு துரத்தினார்கள். பல்லாயிரம் பேர் சான் கிறிஸ்டோபல் நகரத்தின் ஓரத்தில் குடிசை போட்டுப் பிழைத்தார்கள். துரத்தியவர்களும் தங்களைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிக்கொண்டவர்கள் என்பதால், இதை மதச் சண்டை என்று மட்டும் சொல்வது போதாது. சாராயம், மெழுகுவர்த்தி விற்பனை, கடன், ஊர்ப் பதவி எல்லாம் ஒரு சில கைகளில் இருந்தன. புதிய சபை அந்தக் கைகளில் அடித்தது. துரத்துவது பெரும் அநீதி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெளியிலிருந்து செல்பவர் மூட்டும் நெருப்பில் வேகிறவர்கள் உள்ளூரார்தாம். நீங்கள் இரண்டு ஆண்டில் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர்கள் அதே ஊரில்தான் வாழ வேண்டும்.

இன்னொன்று. என் சிறுவயதில் மருந்து வாங்கப் போன என் தாயாரை, ஓரிடத்தில், முதலில் ஜெபத்தில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார், மருந்தும் வாங்கினார், காய்ச்சலும் தீர்ந்தது. மறுபடி அங்கே போகவேயில்லை. உங்கள் கையில் மருந்து இருக்கும்போது உங்கள் வார்த்தைக்கு இருக்கும் எடை வேறு. அந்த எடையை அவர்கள் மேல் வைக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 4: ஓர் அருட்சகோதரி

நான் கத்தோலிக்கத் துறவி, திருப்பத்தூர் பக்கத்து ஊர். சியாப்பாஸ் மலையில் ஆறு ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பியவள். ஆசிரியர் எழுதியதை என் சபையின் மீதுள்ள குற்றமாகவும் ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992-இல் அரசியலமைப்பைத் திருத்தும்வரை மெக்சிகோவில் எந்தச் சபைக்கும் சட்டப்படி இருப்பே கிடையாது. அதற்குப் பிறகுதான் பதிவு பெற்ற மத அமைப்பு என்ற நிலை வந்தது. உங்களை அழைப்பவர்கள் அப்படிப் பதிவு பெற்றவர்களா என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா அனுமதியில் வந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் செவிலியர் பட்டத்தை அந்த நாடு ஏற்று 'செடுலா' என்னும் தொழில் உரிமத்தைத் தரும்வரை நீங்கள் அங்கே செவிலியராகத் தொழில் செய்ய இயலாது. அதனால் மனம் சோர வேண்டாம். உரிமம் இல்லாத அந்தக் காலம்தான் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது.

ஓஷ்சூக் பக்கம் ஏலகிரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரம், குளிர் எலும்பில் இறங்கும். விடியுமுன் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். மக்காச்சோளத்தை நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைத்து, கையால் தட்டி, 'கோமால்' என்ற கல்லில் போடுவார்கள். சுண்ணாம்பில் வேகவைக்காமல் சோளத்தையே நம்பி வாழ்ந்தால் தோலும் புத்தியும் கெடும் நோய் வரும் என்பதை மருத்துவம் இருபதாம் நூற்றாண்டில்தான் முழுதாகப் புரிந்துகொண்டது; அவர்களின் பாட்டிமார் அதைச் சோற்றுப் பழக்கமாகவே வைத்திருந்தார்கள். அந்த அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து நான் ஓர் ஆண்டு மொழி கற்றேன்.

மொழி தெரியாமல் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஒரு தாய் வந்தார். பள்ளியில் ஸ்பானிஷ் கற்ற பத்து வயதுப் பையன் மொழிபெயர்த்தான். "இருதயம் நோகிறதாம்" என்றான். நான் பதறி, மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்த அழுத்தம் பார்க்கவைத்து, நகரத்துக்கே அனுப்பிவைத்தேன். இரண்டு வண்டி மாறி, கோழி விற்ற பணத்தைச் செலவழித்து அவர் போய் வந்தார். ஒன்றுமில்லை என்றார்கள். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது: செல்தாலில் 'ஓத்தான்' என்ற நெஞ்சை வைத்துத்தான் துக்கம், கோபம், மகிழ்ச்சி எல்லாவற்றையும் சொல்வார்கள், நலம் விசாரிப்பதே "உன் நெஞ்சு என்ன சொல்கிறது" என்றுதான். அந்தத் தாயின் மகன் வேலை தேடி வடக்கே எல்லை தாண்டப் போய்ப் பல வாரம் செய்தியில்லாமல் இருந்தான். நம் ஊரில் ஒரு தாய் "நெஞ்சு அடைக்குதும்மா" என்றால் நான் முதலில் "என்ன ஆச்சு?" என்றுதானே கேட்டிருப்பேன்? அங்கே அதைக் கேட்க எனக்கு நாக்கு இல்லை.

அரசு மருத்துவ நிலையத்தைப் பற்றிக் கே.வி.குப்பத்து அக்கா சரியாகவே ஊகித்தார். பல ஊர்களில் அங்கிருப்பவர் படிப்பை முடித்துச் சமூகப் பணி ஆண்டு செய்யும் இளம் மருத்துவர். 1936-இல் தொடங்கிய ஏற்பாடு அது. நல்ல பிள்ளைகள், ஆனால் ஊரார் பெயரைக் கற்று முடிக்கும்போது ஆண்டும் முடிந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் மாறாமல் இருப்பவர் அந்த ஊரின் நலப் பணியாளரும் மருத்துவச்சியும்தான். அங்குள்ள எங்கள் மறைமாவட்டத்தின் ஆயர் சாமுவேல் ரூயிஸ் 1960 முதல் நாற்பது ஆண்டு அங்கே இருந்தார். மலைக் கிராமங்களில் திருமணமான பழங்குடி ஆண்களையே முன்னூறுக்கும் மேற்பட்டோரைத் திருத்தொண்டர்களாக்கினார், அதாவது குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்களாக்கினார். ரோமாபுரி அதை நிறுத்திவைத்ததும், பின்பு 2014-இல் போப் பிரான்சிஸ் மீண்டும் அனுமதித்ததும் நீண்ட கதை. சபைகள் வேறானாலும், மரியானா அம்மையாரும் எங்கள் ஆயரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: அந்த மக்களின் மொழியும் அந்த மக்களின் கையும்.

வாலாஜா செவிலி

ஐயாவுக்கும், அக்காவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், சிஸ்டருக்கும் என் நன்றி. ஆசிரியர் ஐயா, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த இடத்தில் இருந்தவர்களுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று இரவு அழைத்தவர்களுக்கு எழுதிவிட்டேன். பதிவு விவரம் கேட்டிருக்கிறேன். முகாம் நடத்த முடியாது என்றும், முதல் ஆண்டு முழுவதும் மொழி கற்கவும், இரண்டாம் ஆண்டு ஊர் நலப் பணியாளர்கள் இருவரோ மூவரோ விரும்பினால் அவர்களுடன் வேலை செய்யவும் அனுமதித்தால் வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டு ஆண்டு போதாது என்று எனக்கே தெரிகிறது. நான்காக நீட்டிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். சிஸ்டர், ஸ்பானிஷ் படித்துவிட்டுப் போகட்டுமா, நேராகச் செல்தாலில் தொடங்கட்டுமா?

அருட்சகோதரி

அலுவலகத்துக்கும் கடைக்கும் ஸ்பானிஷ் வேண்டும். அதை வேலூரிலிருந்தே ஆறு மாதம் படியுங்கள். செல்தாலை இங்கே படிக்க வேண்டாம், அந்த அடுப்படிக்கு விட்டுவையுங்கள். கம்பளி ஸ்வெட்டர் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். அழைத்தவர்களிடமிருந்து பதில் வந்ததும் எனக்குத் தனியாக எழுதுங்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டிக்கு உங்களைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறேன்.